ஓவிய அறையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட கணிதவியலாளர்: லோகோ முதல் ஸ்கிராட்ச் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லெக்சிங்டன் நகரில் உள்ள மஸ்ஸி நடுநிலைப் பள்ளியில் 1960-களின் பிற்பகுதியில் ஒரு சோதனை வகுப்பு நடந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியின் துணையோடு கணிதம் கற்பிப்பதுதான் சோதனை. அதை முன்னின்று நடத்திய சேமர் பேப்பர்ட், வகுப்புக்குப் போகும் வழியில் நாள்தோறும் ஓர் ஓவிய அறையைக் கடந்து போவார். அங்கே பிள்ளைகள் சோப்புக் கட்டிகளைச் செதுக்கிச் சிற்பம் செய்துகொண்டிருந்தார்கள். சில நாள் உள்ளே எட்டிப் பார்த்தார், சில நாள் நின்று கவனித்தார்.

அவர் கண்டதைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒரே சிற்பத்தில் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் ஈடுபட்டிருந்தது. நடுவில் யோசிக்க நேரம் இருந்தது. ஒன்றைச் செய்து பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, வேறொன்றைத் தொடங்க முடிந்தது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம்; தன்னுடையதைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கலாம். வழக்கமான கணித வகுப்பில் இவற்றில் எதற்கும் இடமில்லை. அங்கே ஒரு கணக்கு என்பது இரண்டு மூன்று நிமிட வேலை. விடை வந்தால் வந்தது, வராவிட்டால் போனது. கணிதமும் ஏன் இந்தச் சோப்புச் சிற்பத்தைப் போல இருக்கக்கூடாது என்ற கேள்வி பேப்பர்ட்டைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பொறாமையைச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

கலையையும் தொழில்நுட்பத்தையும் கல்வியையும் ஒன்றாகப் பேசும்போது, கலையைக் கடைசியில் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். முதலில் அறிவியல், பிறகு கணினி, அதன்மேல் அழகுக்குக் கொஞ்சம் வண்ணம். லோகோவும் ஸ்கிராட்சும் குழந்தைகள் கணினிக்குக் கட்டளையிடுவதற்கான நிரல்மொழிகள். லோகோவில் தொடங்கி ஸ்கிராட்ச் வரை வந்த இந்த வரலாறு நேர்மாறானது. இதில் மூலமாதிரி ஓவிய அறை. கணினி அந்த அறைக்குள் வைக்கப்பட்ட புதிய சோப்புக் கட்டி. இந்த வரிசையை மறந்தபோதெல்லாம் முயற்சி வாடியது, நினைவில் வைத்தபோதெல்லாம் தழைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவாகியுள்ள செய்திகளைப் படித்தபின் நான் வந்துசேர்ந்த முடிவு இதுதான்.

ஆமையின் வேலை

பேப்பர்ட் 1928-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். கணிதம் படித்தவர். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்த ழான் பியாஜேவுடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்தார். 1967-இல் வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய லோகோதான் குழந்தைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் நிரல்மொழி. ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் கணினியோடு தொலைத்தட்டச்சுப் பொறி வழியாகப் பேசவேண்டிய காலம் அது. பெரிய நிறுவனங்களுக்கே எட்டாத பொருளைக் குழந்தை கையில் கொடுக்கவேண்டும் என்று சொன்னவரைப் பலர் நம்பவில்லை.

லோகோவின் புகழ்பெற்ற ‘ஆமை’ சற்றுப் பின்னால் வந்தது. முதலில் தரையில் ஊர்ந்து, பேனாவால் கோடு போட்டுச் செல்லும் ஓர் இயந்திரமாக இருந்தது. பிறகு திரைக்குள் போனது. நூறு அடி முன்னால் போ, வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பு; இதையே நான்கு முறை செய் என்றால் ஆமை சதுரம் வரைந்துவிடும். வட்டம் வரையச் சொல்வது எப்படி என்று திகைக்கும் பிள்ளையிடம் சூத்திரம் எதையும் சொல்லக்கூடாது; எழுந்து நீயே வட்டமாக நடந்து பார் என்று சொல்லவேண்டும். பிள்ளை நடக்கிறது. கொஞ்சம் முன்னால் போகிறேன், கொஞ்சம் திரும்புகிறேன், மறுபடியும் கொஞ்சம் முன்னால் போகிறேன் என்று தன் காலடியிலிருந்தே விடையைச் சொல்கிறது. ஓர் அடி முன்னே, ஒரு பாகை திருப்பம், 360 முறை. வடிவியலை உடம்பால் கண்டுபிடித்த பிள்ளைக்கு அது எளிதில் மறக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தவறு நடத்தப்படும் விதம். ஆமை நினைத்த இடத்தில் திரும்பாமல் கோணலாகப் போய்விட்டால் சிவப்பு மை விழுவதில்லை. படத்தைப் பார்த்து, எந்த அடியில் பிசகியது என்று தேடித் திருத்தலாம். சில வேளைகளில் அந்தக் கோணலே முதலில் நினைத்ததைவிட அழகாக இருக்கும். பிள்ளை சதுரத்தைக் கைவிட்டுக் கோணலைத் தொடரும். ஓவியம் வரைபவர்களுக்கு இது புதிதில்லை. கணிதம் படிக்கும் பிள்ளைக்குப் புதிது.

பள்ளிக்கூடம் அதை உள்வாங்கிய விதம்

1980-களில் வீட்டுக் கணினிகள் மலிந்தபோது லோகோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குள் நுழைந்தது. பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட நூல் அந்த எழுச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தது. எதிர்பார்ப்பும் எகிறியது. லோகோ கற்ற பிள்ளைகள் எல்லாவற்றிலும் தெளிவாகத் திட்டமிட்டுச் சிந்திப்பார்கள் என்று பேசப்பட்டது.

நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீயும் மிடியன் கர்லண்டும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓராண்டு லோகோ கற்ற பிள்ளைகளிடமும் கற்காத பிள்ளைகளிடமும், வகுப்பறை வேலைகளை மிகக் குறைந்த நடையில் முடிக்கத் திட்டம் போடச் சொன்னார்கள். கரும்பலகையைத் துடைப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள். லோகோ கற்றவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை. 1984-இல் வெளியான இந்த முடிவு லோகோவின் மதிப்பைப் பெரிதும் குலைத்தது.

பேப்பர்ட் 1987-இல் மறுமொழி எழுதினார். லோகோவை ஒரு மருந்தைப் போலக் கருதி, பிள்ளைக்கு ஒரு வேளை கொடுத்துவிட்டு விளைவை அளப்பது தவறு என்பது அவருடைய வாதம். எந்தச் சூழலில், யாரோடு, எதைச் செய்ய அது பயன்பட்டது என்பதை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் அளக்க முடியாது என்றார். தோற்றவர் சொல்லும் சமாதானம் போல இது தோன்றலாம். பீயும் கர்லண்டும் செய்தது நேர்மையான ஆய்வு. பேப்பர்ட் தரப்பில் மிகையான நம்பிக்கை இருந்ததும் உண்மை. ஆனாலும் அவர் சுட்டிக்காட்டிய இடம் சரியானது. 1980-களின் தொடக்கத்தில் பள்ளியில் இருந்த ஓரிரு கணினிகள், ஆர்வமுள்ள ஆசிரியர்களின் வகுப்பறைகளிலேயே இருந்தன. எண்ணிக்கை கூடியதும் அவற்றை ஒன்றாகத் திரட்டித் தனி அறையில் பூட்டினார்கள். அந்த அறைக்கு ஓர் ஆசிரியர், ஒரு பாடத்திட்டம், வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஒரு தேர்வு. எல்லாப் பாடங்களையும் கலைத்துப் போடவந்த ஒன்று தானே ஒரு பாடமாக முடிந்தது. வெளியிலிருந்து வந்த கிருமியை உடல் எதிர்ப்பது போலப் பள்ளி இதை எதிர்த்து அடக்கிவிட்டது என்று பேப்பர்ட் பின்னாளில் எழுதினார்.

அதே காலத்தில், அதே லோகோவை வைத்து, பாஸ்டனின் ஹென்னிகன் தொடக்கப் பள்ளியில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் மிகுதியாகப் படித்த பள்ளி அது. ஆய்வாளர் இடித் ஹாரெல் அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 17 பேருக்கு ஒரு வேலை கொடுத்தார். உங்களைவிடச் சிறிய பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கற்றுத்தரும் மென்பொருள் ஒன்றை ஆளுக்கொன்றாகச் செய்யுங்கள் என்பதுதான் வேலை. ஏறத்தாழ நான்கு மாதம், பள்ளி நாட்களில் தொடர்ந்து நடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. அன்று என்ன செய்யப்போகிறேன் என்பதை வரைந்தோ எழுதியோ அதில் குறிக்கவேண்டும், முடிந்தபின் என்ன நடந்தது என்பதையும் எழுதவேண்டும்.

அந்தப் பதினேழு பேரில் ஒரு சிறுமியைப் பற்றி ஹாரெல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கூச்ச சுபாவம் உள்ளவள், கவிதை எழுதுபவள். தொடக்கத்தில் ‘அரை’ என்றால் அவளுக்கு ஒரே ஒரு படம்தான்: நடுவில் வெட்டி, ஒரு பாதிக்கு வண்ணம் தீட்டிய வட்டம். மென்பொருளுக்குப் படம் வரைய வரைய, பின்னம் என்பது பாடநூலில் மட்டும் இருக்கும் பொருளில்லை என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியது. திரையில் ஒரு வீடு வரைந்தாள். அதில் சூரியனும் வண்டியும் கதவும் பாதி பாதியாக வண்ணம் தீட்டப்பட்டன. பின்னங்கள் எங்கும் இருக்கின்றன, நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள் என்று சிறிய பிள்ளைகளுக்கு விளக்கம் எழுதினாள். இந்த வகுப்பு, ஒப்பிடப்பட்ட மற்ற இரண்டு வகுப்புகளைவிடப் பின்னங்களிலும் நிரல் எழுதுவதிலும் கூடுதலாக முன்னேறியது என்பது ஹாரெலின் முடிவு. வழக்கமான பாடத்தில் பெறாத கணிதத்தை அவளுக்குப் படம் வரைவது பெற்றுத்தந்தது. நான்கு மாதக் காலம், பார்ப்பதற்கு ஆட்கள், முடிவில் பயன்படுத்தப்போகும் ஒரு சிறு பிள்ளை: சோப்புச் சிற்ப அறையில் இருந்தவையெல்லாம் இங்கேயும் இருந்தன.

அருங்காட்சியகத்துக்குள் நழுவி வந்த சிறுவர்கள்

1989 டிசம்பர் விடுமுறை வாரம். பாஸ்டன் துறைமுகப் பகுதியில் இருந்த கணினி அருங்காட்சியகத்தில், பொருத்தி விளையாடும் லெகோ கட்டைகளால் இயந்திரங்கள் கட்டி அவற்றை லோகோ கட்டளைகளால் இயக்கும் பயிற்சி நடந்தது. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தின் மிட்செல் ரெஸ்னிக்கும் அருங்காட்சியகத்தின் நடாலி ரஸ்க்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ரெஸ்னிக் முன்னர் பத்திரிகையாளராக இருந்தவர்; பேப்பர்ட்டின் பேச்சைக் கேட்டு வாழ்க்கையின் திசையையே மாற்றிக்கொண்டவர். அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் சிலர், ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மோட்டாரைக் கையில் எடுத்தார்கள். மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள்.

வாரம் முடிந்தது. கட்டைகளும் கணினிகளும் மூட்டை கட்டப்பட்டன. ஜனவரியில் அந்தச் சிறுவர்கள் மறுபடியும் வந்து, லெகோ எங்கே என்று கேட்டார்கள். இப்போது இல்லை என்று சொல்லப்பட்டது. காட்சிக்கூடங்களில் கொஞ்ச நேரம் சுற்றினார்கள். பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துபோகும் காட்சிப் பொருள்கள் அவர்களைப் பிடித்துவைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது: சில பிள்ளைகள் அருங்காட்சியகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறார்கள், எச்சரிக்கையாக இருக்கவும். அவர்களைப் பற்றியதுதான் அது.

ரஸ்க்கும் ரெஸ்னிக்கும் அந்தச் சுற்றறிக்கையைச் சரியாகப் படித்தார்கள் என்றே சொல்வேன். காவலைக் கூட்டவேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் போக ஓர் இடம் இல்லை என்று புரிந்துகொண்டார்கள். 1993-இல், ஸ்டீனா குக் உள்ளிட்டோருடன் சேர்ந்து, அதே அருங்காட்சியகத்தில் கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ் தொடங்கப்பட்டது. பள்ளி விட்டபின் வரலாம், கட்டணம் கிடையாது, வகுப்பும் கிடையாது.

அறை அமைப்பிலேயே இவர்கள் நம்பியது தெரிகிறது. நடுவில் ஒரு பெரிய பச்சை மேசை. அதன்மேல் கணினி இல்லை. கூடிப் பேசவும், தாளில் வரையவும், தின்பண்டம் தின்னவும் அந்த மேசை. சுற்றிலும் கணினிகள் கொத்துக் கொத்தாக, ஒருவர் திரையை மற்றவர் பார்க்கும்படி வைக்கப்பட்டன. நாற்காலிகளுக்குச் சக்கரம் உண்டு. உருட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம். சுவரிலும் அலமாரியிலும் முன்பு வந்த பிள்ளைகள் செய்தவை நிறைந்திருந்தன. புதிதாக வருபவர் இங்கே என்ன செய்யலாம் என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார். கல்லூரி மாணவர்களும் ஓவியர்களும் பொறியாளர்களும் வழிகாட்டிகளாக வந்தார்கள். பாடம் நடத்துவது அவர்கள் வேலையில்லை. தங்களுக்குப் பிடித்த ஒன்றை அங்கேயே உட்கார்ந்து செய்வார்கள், பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞன் ஒருவன் அங்கே வந்தான். அவனுக்குத் தெரிந்தது படம் வரைவது. கறுப்பு வெள்ளையில் தாளில் கோட்டோவியம் போடுவான். அதை ஸ்கேன் செய்து கணினியில் வண்ணம் ஏற்றுவான். மெல்ல மெல்ல அவனுக்கென்று ஒரு பாணி உருவானது. மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் வரைந்தார்கள். அவன் பெயராலேயே அந்தப் பாணியைக் குறிப்பிட்டார்கள். பிறகு ஒரு குழுவாகச் சேர்ந்து இணையத்தில் ஓர் ஓவியக்கூடத்தை அமைத்தார்கள். கணினி பயில வந்தவன் என்று அவனைச் சொல்வது பொருந்தாது. வரைய வந்தான், கணினி அவன் வழியில் குறுக்கிட்டது, அதையும் கைவசப்படுத்திக்கொண்டான்.

இன்டெல் நிறுவனத்தின் ஆதரவால் 2000-க்குப் பிறகு கிளப்ஹவுஸ்கள் பல நாடுகளுக்குப் பரவின. ஏறத்தாழ 20 நாடுகளில் இப்போது அவை இயங்குகின்றன. குறைகள் இல்லாமல் இல்லை. பல இடங்களில் பையன்கள் கணினிகளை ஆக்கிரமித்துக்கொண்டு பெண்பிள்ளைகள் ஒதுங்கிப்போனார்கள். அதற்காகப் பெண்களுக்கு மட்டுமென்று தனிநாள் ஒதுக்கவேண்டியிருந்தது. நல்ல வழிகாட்டிகள் கிடைக்காத ஊரில் கிளப்ஹவுஸ் வெறும் விளையாட்டு அறையாகிவிடும் ஆபத்தும் உண்டு. இந்த அமைப்பு ஆட்களை நம்பி நிற்பது. அச்சடித்து விநியோகிக்கக்கூடியது அன்று.

536 படைப்புகள்

கிளப்ஹவுஸ் பிள்ளைகள் போட்டோஷாப்பில் படம் செய்தார்கள், இசை கலந்தார்கள், வீடியோ எடுத்தார்கள். நிரல் எழுதுவோர் மிகக் குறைவாகவே இருந்தார்கள். இருந்த நிரல்மொழிகள் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ரெஸ்னிக் குழு 2003-இல் ஸ்கிராட்ச் வேலையைத் தொடங்கியது. ஜான் மலோனி முதன்மை நிரலாளர். கட்டளைகளைத் தட்டச்சு செய்யவேண்டாம். வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டைகள் ஒட்டாது. எனவே இலக்கணப் பிழை என்று கணினி கண்டிப்பதில்லை. அதைவிட முக்கியம், ஆமை கோடு மட்டும் போட்டது. ஸ்கிராட்சில் பிள்ளை தன் படத்தை, தன் குரலை, தனக்குப் பிடித்த பாட்டை உள்ளே கொண்டுவரலாம்.

பொதுமக்களுக்கு வெளியிடுமுன் தெற்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலுள்ள ஒரு கிளப்ஹவுஸில் ஸ்கிராட்ச் 2005-இல் தரப்பட்டது. அங்கே 18 மாதங்களில் பிள்ளைகள் செய்த 536 படைப்புகளை மலோனி, கைலி பெப்லர், யாஸ்மின் கஃபாய், ரெஸ்னிக், ரஸ்க் ஆகியோர் சேகரித்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். வயது 8 முதல் 18 வரை. பாடம் நடத்த யாரும் இல்லை. அங்கிருந்த வழிகாட்டிகளுக்கே நிரல் எழுதிப் பழக்கமில்லை.

அந்த 536-இல் 111 படைப்புகளில் ஒரு நிரல் கட்டைகூட இல்லை. ஸ்கிராட்சை வெறும் வரைதாளாகவே பிள்ளைகள் பயன்படுத்தியிருந்தார்கள். தேர்வு மேற்பார்வையாளர் ஒருவரிடம் கொடுத்தால் இவற்றைப் பூஜ்யம் என்று தள்ளிவிடுவார். ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை, நானும் அப்படிக் கருதவில்லை. நிரல் எழுத யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில் மிச்சமிருந்த 425 படைப்புகளில் நிரல் இருந்தது. அவற்றில் பாதிக்கும் மேலானவற்றில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சிக் கட்டளை இருந்தது. வரைந்த பாத்திரம் நகரவேண்டும் என்று ஆசை வந்தபோது கட்டளை தேவைப்பட்டது. ஓவியம் வாசலாக இருந்தது. பலர் அதன் வழியே உள்ளே போனார்கள், சிலர் வாசலிலேயே உட்கார்ந்து மகிழ்ந்தார்கள். இது பள்ளியில் கற்கும் எதைப்போல இருக்கிறது என்று கேட்டபோது, பலர் ஓவியம் போன்ற கலைப் பாடங்களைச் சொன்னார்கள். தாங்கள் செய்வது நிரலாக்கம் என்றே அவர்களில் பெரும்பாலோருக்குத் தோன்றியிருக்கவில்லை.

குறையும் அதே கணக்கில் தெரிகிறது. மதிப்பைச் சேமித்து வைக்கும் ‘மாறி’ என்னும் கருத்து பத்தில் ஒரு பங்கு படைப்புகளில்கூட இல்லை. யாரும் சொல்லித்தராமல் அது தானாகக் கைக்கு வருவதில்லை. இந்த இடத்தில்தான் ரெஸ்னிக் பல முறை சொல்லியிருக்கும் நிகழ்ச்சி பொருள்படுகிறது. கிளப்ஹவுஸில் 13 வயதுப் பையன் ஒருவன், பெரிய மீன் சின்ன மீன்களை விழுங்கும் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். எத்தனை மீன் விழுங்கப்பட்டது என்று எண்ணிக்கை காட்டவேண்டும். எப்படி என்று தெரியவில்லை. அன்று வந்திருந்த ரெஸ்னிக், மாறி ஒன்றை உருவாக்கி, மீன் விழுங்கப்படும்போதெல்லாம் அதில் ஒன்று கூட்டும் கட்டையைக் காட்டினார். பையன் சட்டென்று புரிந்துகொண்டான். எட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி நன்றி என்று சொன்னான். இயற்கணித ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு மாறியை அறிமுகப்படுத்தியதற்காக மாணவர் நன்றி சொல்லியிருப்பார் என்று கேட்கிறார் ரெஸ்னிக்.

ஆக, தானாகக் கற்கட்டும் என்று கைகட்டி நிற்பதும் போதாது. சொல்லித்தரத்தான் வேண்டும், பிள்ளைக்கு அது தேவைப்படும் நொடியில் சொல்லித்தரவேண்டும். அந்த நொடியில் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கவேண்டும். அந்தப் பையனுக்கு ரெஸ்னிக்கே இருந்தார். மற்ற நூறு பேருக்கு யாரும் இல்லாததால்தான் மாறியின் கணக்கு அத்தனை தாழ்ந்து கிடக்கிறது.

பார்ப்பதற்கு ஆள்

2007 மே மாதம் ஸ்கிராட்ச் உலகுக்குத் திறந்துவிடப்பட்டபோது, அதோடு ஓர் இணையத்தளமும் வந்தது. ஆண்ட்ரெஸ் மன்ராய் ஹெர்னாண்டஸ் வடிவமைத்தது. செய்து முடித்ததை அங்கே போடலாம். யாருடைய படைப்பையும் திறந்து உள்ளிருக்கும் கட்டைகளைப் பார்க்கலாம், எடுத்து மாற்றி மறுபடி வெளியிடலாம். ஓவிய அறையில் பக்கத்துப் பிள்ளையின் சிற்பத்தை எட்டிப் பார்த்ததன் விரிவு இது.

சண்டையும் உடனே வந்தது. என் படைப்பைக் காப்பியடித்துவிட்டான் என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். குழு ஒரு தீர்வு செய்தது: மாற்றி வெளியிடப்படும் ஒவ்வொன்றின் கீழும், இது இன்னாருடைய படைப்பிலிருந்து வந்தது என்று கணினியே தானாக எழுதிவிடும். சிக்கல் தீரவில்லை. 2011-இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது. கணினி தானாக இடும் பெயரைப் பிள்ளைகள் பெரிதாக மதிக்கவில்லை. எடுத்தவர் தன் கையால், உன்னுடையதிலிருந்து செய்தேன், நன்றி என்று ஒரு வரி எழுதினால் அதே பிள்ளை மனம் குளிர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதிப்புரிமைச் சட்டம் அறியாமலேயே இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள் என்பது என்னை நெகிழவைக்கிறது.

எல்லா ஆய்வும் நினைத்ததை உறுதிசெய்யவில்லை. சேர்ந்து செய்தால் படைப்பு சிறக்கும் என்பது இந்தக் குழுவின் அடிப்படை நம்பிக்கை. மன்ராய் ஹெர்னாண்டஸும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2013-இல் ஸ்கிராட்ச் தரவுகளை வைத்தே பார்த்தபோது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிய படைப்புகளைவிட ஒருவரே செய்தவை சக பிள்ளைகளிடம் கூடுதல் பாராட்டைப் பெற்றிருந்தன. நிரல் மிகுந்தவற்றில் இந்த இடைவெளி குறைவு. படமும் ஒலியும் மிகுந்தவற்றில் அதிகம். நிரலைப் பலர் சேர்ந்து செம்மைப்படுத்தலாம், ஓவியத்தில் ஒரு கை வேண்டும் என்று இதைப் படிக்கிறேன். கூட்டுமுயற்சி என்றாலே நல்லது என்று எல்லா வேலையையும் குழுவேலை ஆக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஸ்கிராட்ச் 2013-இல் உலாவிக்குள்ளேயே இயங்கும் வடிவத்துக்கும் 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்புக்கும் மாறியது. பதிவுசெய்தவர்கள் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. பேப்பர்ட் 2016 ஜூலையில் காலமானார்.

நம் பாடநூலில்

தமிழ்நாட்டில் 2019-இல் வெளியான பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசிப் பகுதியில் ஸ்கிராட்ச் இருக்கிறது. திரையின் பகுதிகள், மேடை, ஸ்பிரைட் எனப்படும் பாத்திரம், நிரல் எழுதும் இடம் ஆகியவை விளக்கப்பட்டிருக்கின்றன. இலவசமான, இணையம் இல்லாமலும் இயங்கக்கூடிய ஒரு கருவியைப் பொதுப் பாடநூலுக்குள் கொண்டுவந்தவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் பாடத்தின் முடிவில் இருக்கும் கேள்விகளைப் பாருங்கள்: ஸ்கிராட்ச் என்றால் என்ன? மேடை என்றால் என்ன? ஸ்பிரைட் என்றால் என்ன? இவற்றுக்கு ஒரு பிள்ளை கணினியைத் தொடாமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பொதுத்தேர்வு ஆண்டில் அப்படித்தான் வாங்கவும் செய்யும். 1980-களில் அமெரிக்கப் பள்ளிகள் லோகோவுக்குச் செய்ததை நாம் ஒரு படி கூடுதலாகச் செய்திருக்கிறோம். அவர்கள் கணினி அறைக்குள் பூட்டினார்கள், நாம் வினாத்தாளுக்குள் பூட்டிவிட்டோம்.

இதை மாற்றத் தேவையானவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 2012-இல் ஓவியம், கணினி, தையல், இசை, உடற்கல்வி ஆகியவற்றுக்காக 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரைநாள் பணிக்கு அமர்த்தப்பட்டார்கள். ஓவிய ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே ஏற்பாட்டின்கீழ் அமர்த்தப்பட்டவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருவது வேறு ஒரு பெரிய நியாயம். அதைத் தீர்க்காமல் அவர்களிடம் புதிய பொறுப்பைக் கேட்பது முறையும் ஆகாது.

மொழியைப் பற்றியும் ஒரு செய்தி. சயமிந்து தாஸ்குப்தாவும் ஹில்லும் ஐந்து நாடுகளின் ஸ்கிராட்ச் பயனாளர் தரவை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். கட்டைகளின் மேலுள்ள சொற்களைத் தம் மொழியில் வைத்துக்கொண்டு தொடங்கிய பிள்ளைகள், ஆங்கிலத்தில் தொடங்கிய தம் நாட்டுப் பிள்ளைகளைவிட விரைவாகப் புதிய நிரல் கருத்துகளைக் கையாண்டார்கள். கணினி என்றால் ஆங்கிலம்தான் என்று ஒதுங்கும் கிராமத்துப் பள்ளிகளுக்கு இது நேரடியான செய்தி.

வாரத்தில் ஓர் அரைநாள் ஆய்வகத்தைத் திறந்து, ஓவிய ஆசிரியரையும் கணினி ஆசிரியரையும் சேர்த்து உட்காரவைத்து, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பருவம் முழுவதும் ஒரே படைப்பில் விட்டுப் பார்க்கலாம். பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத வகுப்புகள் என்பதால் இவற்றைச் சொல்கிறேன். மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற கேள்வி தலைமையாசிரியர் அறையிலிருந்து முதலில் வரும். ஹென்னிகன் பள்ளியின் வழி இங்கேயும் செல்லும். ஆறாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக ஏதாவது செய்யட்டும். பருவ முடிவில் அந்தச் சின்னப் பிள்ளை அதைப் பயன்படுத்தும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எங்கே புரியவில்லை, எங்கே சிரித்தது என்று குறித்துக்கொள்ளட்டும். செய்த பிள்ளை நாள்தோறும் தன் திட்டத்தையும் திருத்தத்தையும் எழுதிவந்த நோட்டை அதோடு வைத்துப் படித்தால், என்ன கற்றது என்பது தெரிந்துவிடும். கூடுதலாக வாங்கவேண்டியது ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு.